பதினேழாம் விதி

என் மனைவி கலைமதி பதினேழாம் விதிப்படி இறந்துபோனாள்.

விதி இதுதான்: "சவாசனத்தில் இருப்பவரைத் தொடுவதோ, அழைப்பதோ, உற்றுப் பார்ப்பதோ நன்னடத்தை ஆகாது. மணி அடித்த பின்னும் ஒருவர் எழவில்லை எனில், அவர் ஆழ்நிலை அடைந்துள்ளார் என்று அறிக. கைகூப்பி, ஓசையின்றி விலகுக."

காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் தினமும் காலை ஆறு மணிக்கு நிறைமூச்சு யோகா மன்றத்தின் வகுப்பு நடக்கிறது. அன்று ஆறு நாற்பதுக்குச் சவாசனம் தொடங்கியது. ஏழு மணிக்கு மணி அடித்தார்கள். கலைமதி எழவில்லை. நாற்பத்து மூன்று பேர் கைகூப்பினார்கள். ஓசையின்றி விலகினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கியதாகச் சொன்னார்கள்.

ஏழரைக்கு முனியம்மாள் பெருக்க வந்தாள். மண்டபத்தில் கூட்டித் துடைப்பவள். அவளுக்குக் கையேடு கொடுக்கப்படவில்லை. "ஏம்மா, கொஞ்சம் நவுருமா, பெருக்கணும்" என்று தோளைத் தொட்டாள். பிறகு கத்தினாள்.

மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை மணிக்கு ஆச்சு?"

தெரியாது என்றேன்.

"உத்தேசமா?"

அதுவும் தெரியாது என்றேன். அவர் காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

நான் மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பி.எஸ்ஸி. வேதியியல். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்த்துக் கட்டத்தில் எழுதுவது என் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தச் சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்துவிடுவோம். அது கெட்டுப்போனதா இல்லையா என்பது பிறகு. முதலில் கட்டம் நிரம்ப வேண்டும்.

ஆறு நாற்பதிலிருந்து ஏழரை வரை ஐம்பது நிமிடம். அதற்குள் எப்போது? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் என் மைத்துனன் என்னைப் பார்த்து, "மாமா கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்று யாரிடமோ சொன்னான். உண்மைதான். கல்லுக்கு ஒரு கேள்வி இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். மாரியப்பன் இருந்தார். மன்றத்தின் ஒழுக்கப் பொறுப்பாளர். முன்பு தனியார் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கையில் ஒரு நூல்கண்டு வைத்திருந்தார். விரிப்புகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பிடித்துப் பார்ப்பதற்கு.

"வாங்க சார். செருப்பு மூக்கு வடக்குப் பாத்து இருக்கணுங்க. இல்லைங்க, ரெண்டும். ஆங். சொல்லுங்க."

"அன்னிக்குக் கலைமதிக்கு எத்தனை மணிக்கு ஆச்சுன்னு தெரியணும்."

"சார் உறுப்பினருங்களா?"

"இல்ல."

"வகுப்புக்குள்ள நடக்கறத வெளியாளுக்குச் சொல்லக்கூடாதுங்க. விதி இருபத்தி ரெண்டு."

"நான் அவ வூட்டுக்காரன்."

"அதாங்க வெளியாளுன்றேன். புருஷன், மாமியாரு, போலீசு, எல்லாம் ஒண்ணுதான் எங்களுக்கு. பாரபட்சமே கிடையாது."

"உறுப்பினரா சேந்தா கேக்கலாமா?"

அவர் முகம் மலர்ந்தது.

"தாராளமா கேக்கலாங்க. புதுசா வர்றவங்க மொத இருபத்தோரு நாள் மட்டும் கேள்வி கேக்கக்கூடாது. கேள்வி வந்தா மூச்சு கலைஞ்சிரும். இருபத்தி ரெண்டாம் நாள் ஒரு கேள்வி. தலைவரே வாயால பதில் சொல்லுவாரு. நடுவுல எதாச்சும் பிழை வந்தா மட்டும் மறுபடியும் ஒண்ணுல இருந்து."

படிவம் கொடுத்தார். பதினொன்றாவது கேள்வி: "அண்மையில் துக்கம் ஏதும் உண்டா?" உண்டு என்று எழுதினேன். கீழே சிறிய எழுத்தில் இருந்தது: "உண்டு எனில், அதைச் செருப்போடு வெளியில் விட்டு வரவும்."

'குழு யோகா வகுப்பில் புதியவர்களுக்கான நன்னடத்தை' என்ற கையேட்டையும் கொடுத்தார். முப்பத்தெட்டு விதிகள். அதே கையேடு எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கலைமதி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நோட்டுத் திருத்தித் திருத்திக் கழுத்து வலி. அதற்காகத்தான் சேர்ந்தாள். சேர்ந்த அன்று சாப்பிடும்போது விதிகளை உரக்கப் படித்துக் காட்டினாள். "விதி ஆறு, கொட்டாவி வந்தால் மூக்கு வழியாக விடுக. இது எப்படிங்க விடறது?" என்று செய்து பார்த்தாள். சோறு புரை ஏறியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். காப்பி போடச் சொல்லி எழுப்பப் போனால் கண் திறக்காமல், "பதினேழு" என்பாள். நான் திரும்பி வந்து நானே போட்டுக்கொள்வேன். நானும் தொட்டதில்லை.

முதல் நாள் ஐந்தரைக்கே போனேன். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நடுவில் இரண்டடி நடைபாதை. பாடம் சொல்லித்தர ஆசிரியர் என்று யாரும் கிடையாது. தலைமையிடத்திலிருந்து வந்த பென்டிரைவை ஒலிபெருக்கியில் செருகுவார்கள். ஒரு பெண்குரல் பேசும். "உங்கள் தோள்கள் மிக அழகாகத் தளர்கின்றன" என்று எல்லாரிடமும் சொல்லும். அன்றும் கலைமதியிடம் சொல்லியிருக்கும்.

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. சட்டம் போட்டு, சின்ன விளக்கு எரியவிட்டு. கலைமதி நீல விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். சுற்றிலும் கூப்பிய கைகளும் கால்களும். தலைகள் படத்தில் விழவில்லை. கீழே, "ஆழ்நிலை அடைந்தவர்" என்று எழுதியிருந்தது. மூலையில் செல்போன் தானாகப் பதித்த நேரம்: 7.04.

என் ஐம்பது நிமிடம் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் படத்தில் இருப்பவள் உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? நான் நெருங்கிப் பார்த்தேன். மாரியப்பன் பின்னால் வந்து நின்றார்.

"உற்றுப் பாக்கக்கூடாதுங்க சார். சவாசனத்துல இருக்கறவங்க. விதி படத்துக்கும் பொருந்துங்க."

பெண்கள் பக்கம் நடைபாதை ஓரத்தில் அவள் படுத்த இடத்தை நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்கு அந்தப்பக்கம் தங்கம்மாள் என்கிற அம்மாள். சந்தையில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர். அன்றும் அவர் அதே இடத்தில்தான் படுத்திருந்தாராம். எனக்கு நடைபாதையின் இந்தப்பக்க ஓரம் கிடைத்தது. எனக்கு அடுத்து காளியப்பன், ஓய்வுபெற்ற லாரி டிரைவர்.

காளியப்பன் மூன்று வருடமாகப் புதியவர். காரணம் குறட்டை. பிழை செய்தவர்கள் பிழைக் கடிதம் எழுத வேண்டும். தேதி, நேரம், செய்த பிழை, "மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது" என்ற முடிவு, கையெழுத்து. அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார்கள். "காலை 6.12-க்குத் தும்மினேன்." "6.31-க்குப் பக்கத்து விரிப்பில் என் கால் கட்டைவிரல் பட்டது." பலகையில் பாதி காளியப்பனுடையது. "குறட்டை விட்டேன். நேரம் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன்." நேரம் இல்லாத கடிதங்களை மாரியப்பன் சிவப்பு மையால் சுழித்திருந்தார்.

கேள்வி கேட்கத்தான் தடை. வெளியில் பேசத் தடையில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து தங்கம்மாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கும்போது கூடவே நடந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன் தம்பி."

"எதாச்சும் பாத்தீங்களா?"

"கண்ண மூடிட்டு இருந்தேன். எல்லாரும் மூடிட்டுத்தான் இருந்தோம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரி பேருந்து வந்தது. அவருக்கு அந்தப் பேருந்து இல்லை. ஆனாலும் ஏறிக்கொண்டார்.

வேறு சிலரையும் வெளியில் பிடித்துக் கேட்டேன். மருந்துக் கடைக்காரர், கண்ணை மூடியிருந்தேன் என்றார். இரண்டு ஆசிரியர்கள், ஒரு வக்கீல், நகை அடகுக் கடைக்காரர், எல்லாரும் மூடியிருந்தார்கள். மணி அடித்த பிறகு? மணி அடித்த பிறகு கைகூப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் முகூர்த்தம். மாடி ஹாலைப் பெண் வீட்டார் எடுத்துக்கொண்டதால் வகுப்பு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளுக்கு இடையில் விரிப்புப் போட்டுப் படுத்தோம். தலைக்கு மேல் வாழையிலைகள் ஆடின. ஒலிபெருக்கிக் குரல் "உங்களைச் சுற்றி அமைதி" என்றது. நாயனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு ஐம்பதுக்கு முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.

"யாருய்யா இவங்க, கீழ படுத்திருக்கறது?" என்றது ஒரு குரல்.

"மாப்ள வூட்டுக்காரங்களா இருக்கும். ராத்திரி ஜாஸ்தி போல."

"எழுப்பி எலை போடுங்கப்பா, பாவம்."

"எழுப்பாதீங்க!" என்று கண் திறக்காமல் மாரியப்பன் கத்தினார். தரையிலிருந்து வந்த அந்தக் குரலில் பரிமாறுகிறவர் பயந்து வாளியைச் சாய்த்துவிட்டார். கொதிக்கும் சாம்பார் என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது.

நான் அசையவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லக்கூடாது. சூடு என்று தெரிந்தது. அது வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. மணி அடித்ததும் எழுந்து பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. அதன்மேல் ஒரு முருங்கைக்காய்த் துண்டு.

மாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இருபது வருஷம் பயிற்சி பண்ணாலும் வராது சார் இது. உங்களுக்கு இயல்பாவே வருது. உங்க வூட்ல ரெண்டு பேருக்குமே அந்த பாக்கியம்."

பத்தாம் நாள் ஒருவருக்கு இருபத்தொரு நாள் முடிந்தது. நல்லம்பள்ளியிலிருந்து வருகிறவர். பிழையில்லாமல் முடித்திருந்தார். மன்றத் தலைவர் மாதவராஜ் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்லம்பள்ளிக்காரர் எழுந்து கும்பிட்டு, தன் ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அய்யா, மாடி கக்கூஸ்ல தண்ணி எப்ப வரும்?"

தலைவர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"தண்ணிய வெளிய தேடறவரைக்கும் வராது. உள்ள தேடுங்க."

எல்லாரும் கைகூப்பினார்கள். நல்லம்பள்ளிக்காரர் மறுநாளிலிருந்து வரவில்லை. நான் என் கேள்வியை நினைத்துக்கொண்டேன். அதற்கும் உள்ளே தேடச் சொல்வார்களோ என்று தோன்றியது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் ஆகிவிட்டது. பதினொன்றுதான் மீதி.

பதினான்காம் நாள் எனக்குப் பரிசு கிடைத்தது. இரண்டு வாரத்தின் சிறந்த புதியவர் ஒரு நாள் ஆழ்நிலை இடத்தில் படுக்கலாம். செங்கற்களுக்கு நடுவில்.

"அது பொம்பளைங்க பக்கங்களே" என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தார்.

"ஆழ்நிலைக்கு ஆம்பள பொம்பள கெடையாதுங்கம்மா" என்றார் மாரியப்பன். நூல் பிடித்து என் விரிப்பைச் சரிசெய்தார்.

படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. சவாசனம் வந்தபோது நான் ஒரு பிழை செய்தேன். கண்ணைத் திறந்தேன். அவள் கடைசியாக என்ன பார்த்திருப்பாள் என்று தெரிய வேண்டியிருந்தது. முந்தைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் உத்தரத்தில் ஒட்டியிருந்தன. பாதி உதிர்ந்துபோயிருந்தது. அதற்குக் கீழே எதிர்ச் சுவரில், தூண் மறைக்காத இடத்தில், ஒரு கடிகாரம். என் இடத்திலிருந்து அது ஒருநாளும் தெரிந்ததில்லை, தூண் மறைக்கும். இங்கிருந்து தெரிந்தது. தங்கம்மாளின் விரிப்பிலிருந்தும் தெரியும்.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன். தங்கம்மாள் கண்களை மூடியிருந்தார். இறுக்கி மூடியிருந்தார். பிள்ளைகள் தூங்குவது போல நடிக்கும்போது இமை துடிக்குமே, அப்படித் துடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடிதமும் எழுதவில்லை. இருபத்தொன்றாம் நாள் வரை எனக்குப் பிழை வரக்கூடாது.

பதினெட்டாம் நாள் மன்றத்தின் ஆண்டு விழா. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மாதவராஜ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நம்ம ஊரு சனங்களுக்கு ஒழுக்கம் கெடையாதுன்னு சொல்லுவாங்க. பஸ்ல ஒருத்தன் மயங்கி வுழுந்தா முப்பது பேரு மேல வுழுந்து மூச்சு முட்ட வெச்சிருவோம். ஒருத்தன் தண்ணி தெளிப்பான், ஒருத்தன் சாவிக்கொத்தக் கைல குடுப்பான், ஒருத்தன் வெங்காயத்த நசுக்கி மூக்குல வெப்பான். என்னங்க இது? நாகரிகமா? ஆனா அன்னிக்கு நம்ம ஹால்ல என்ன நடந்துச்சு? நாப்பத்தி மூணு பேரு. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட ஒழுக்கம் தவறல. ஒருத்தர்கூடத் தொடல. பதற்றம் கெடையாது. சத்தம் கெடையாது. தலைமையிடத்துல இருந்து எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க, எப்படிங்க இப்படி ஒரு கட்டுப்பாட்ட வளர்த்தீங்கன்னு. நான் சொன்னேன், பயிற்சிங்க. எல்லாரும் பொறக்கும்போது பக்கத்துல இருக்கறவன எழுப்பற சுபாவத்தோடதான் பொறக்கறோம். அதப் போக்கறதுக்குத்தான் இந்த மன்றம்."

கைதட்டல் விதிகளில் இல்லை. உள்ளங்கைகளை ஓசையில்லாமல் காற்றில் ஆட்டினார்கள். நூறு கைகள் ஆடின. முனியம்மாள் மட்டும் வாசலில் துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "தூ" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் நாள். பிழை இல்லை. காலில் புண் ஆறியிருந்தது. கேள்வியை இரவே காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மறுநாள் படிப்பதற்கு.

ஆறு நாற்பதுக்குச் சவாசனம். குரல் கால்விரல்களிலிருந்து தொடங்கியது. காளியப்பன் வழக்கம்போலக் குறட்டை விட்டார். லாரி மேடேறுவது போல ஒரு குறட்டை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடேறிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

காத்திருந்தேன். அடுத்த மூச்சு வரவில்லை. வேலைப் பழக்கத்தில் எண்ணினேன். பத்து. பதினைந்து. ஒலிபெருக்கி, "உங்கள் உடல் இனி உங்களுடையது அல்ல" என்றது. இருபது. இருபத்தைந்து. இன்னும் பத்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். நாளை என் கேள்வி. முப்பது.

எழுந்தேன். இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அய்யா! அய்யா!" என்று கத்தினேன். என் குரலை ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து நானே கேட்டேன்.

காளியப்பன் ஒரு பெரிய மூச்சை இழுத்துக் கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"என்னாப்பா, டோல்கேட்டா?"

உயிரோடு இருந்தார். தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். என் கைகள் அவர் தோளை விடவில்லை. நான் விடச் சொன்னேன். விடவில்லை.

"மூச்சு அப்பப்ப நின்னு வரும் தம்பி" என்றார் மெதுவாக, என் கையைத் தட்டிக் கொடுத்தபடி. "என் பொண்டாட்டி இருந்தவரைக்கும் விலாவுல ஒரு குத்து குத்துவா. இப்ப யாரு குத்தறா."

மணி அடித்தது. இந்த நேரம் முழுவதும் ஹாலில் யாரும் அசையவில்லை. எழுந்து உட்கார்ந்தார்கள். மாரியப்பன் நடைபாதையில் வந்து நின்றார். உண்மையிலேயே வருந்தினார்.

"சத்தம் கேட்டுச்சு. ஆனா சத்தத்த வெச்சு முடிவு பண்ணக்கூடாதுங்க. யாரு எழுப்புனாங்க, யார எழுப்புனாங்க? கண்ணால பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"காளியப்பன் அண்ணா?"

"எனக்கு என்னா தெரியும். நான் தூங்கிட்டிருந்தேன்" என்றார் காளியப்பன். என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

"சாட்சி இல்லீன்னா பிழை இல்லீங்க" என்றார் மாரியப்பன். அவருக்கும் நிம்மதி. "சார் நாளைக்குக் கேள்வி கேக்கலாம்."

"நான் பாத்தேன்" என்றார் தங்கம்மாள்.

எழுந்து நின்றிருந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எப்படிம்மா பாத்தீங்க? சவாசனத்துல இருந்தீங்களே?"

"கண்ண தொறந்துதான் பாத்தேன். எந்திரிச்சு உக்காந்து எழுப்புனாரு. நல்லாப் பாத்தேன்."

"அப்ப நீங்களும் கடிதம் எழுதணுங்களேம்மா."

"எழுதறேன். எனக்குப் பழைய பிழை ஒண்ணு இருக்கு. அதையும் சேத்து எழுதலாங்களா?"

மாரியப்பன் கையேட்டைப் புரட்டினார். விதி முப்பத்து நான்கு. பழைய பிழையைத் தானாக ஒப்புக்கொள்வது உயர்ந்த நன்னடத்தை.

"தாராளமா எழுதலாங்க. தேதி, நேரம் கண்டிப்பா போடணும்."

"நேரம் தெரியும்" என்றார் தங்கம்மாள்.

ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். நான் பக்கத்தில் நின்று என் கடிதத்துக்குக் காகிதம் வாங்கிக்கொண்டேன். அவர் நிமிராமல் என்னிடம் பேசினார்.

"நாளைக்கு நீ கேட்டா அந்தாளு உள்ள தேடுன்னுவான் தம்பி. கண்ண தொறந்தேன்னு சொல்ல எனக்கு இத்தினி நாளு பயம். எதுக்குப் பயந்தேன்னு நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு."

மாரியப்பன் அந்தக் கடிதத்தை வாங்கி, தேதியும் நேரமும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தினார். நான் படித்தேன்.

"இன்று காலை 6.49-க்கு, கதிரவன் சார் காளியப்பனை எழுப்பும்போது கண் திறந்து பார்த்தேன். மேலும் கலைமதி டீச்சர் போன அன்று காலை 6.51-க்குக் கண் திறந்தேன். டீச்சர் தொண்டையில் சத்தம் வந்தது. அதனால் திறந்தேன். கடிகாரம் பார்த்தேன். டீச்சர் என் பக்கம் பார்த்தது. வாய் அசைந்தது. பதினேழு இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டேன். மணி அடித்து எழுந்த பின் படம் எடுக்கும்போது டீச்சர் சுண்டுவிரல் இரண்டு முறை அசைந்தது. பார்த்தேன். ஆழ்நிலை என்றார்கள். நானும் கைகூப்பினேன். மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது. தங்கம்மாள்."

இரண்டாம் முறை படித்தேன். ஆறு ஐம்பத்தொன்று. ஏழு நாலுக்கு உயிர் இருந்தது. கட்டம் நிரம்பியது. ஆலையில் கட்டம் நிரம்பினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இங்கே தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்த கேள்வியை எடுத்துக் கிழித்தேன். துண்டுகளை எங்கே போடுவது என்று பார்த்தேன். முனியம்மாள் முறத்தை நீட்டினாள்.

"எழுதிட்டீங்களா சார்?" என்றார் மாரியப்பன். "நாளைக்கு மறுபடியும் ஒண்ணாம் நாளுங்க. வருத்தப்படாதீங்க. உங்ககிட்ட திறமை இருக்கு."

பேனாவை வாங்கி எழுதினேன்.

"இன்று காலை 6.49-க்குப் பக்கத்தில் படுத்திருந்தவரைத் தொட்டு எழுப்பினேன். அவர் உயிரோடு இருந்தார். மன்னிக்கவும். கதிரவன்."

மாரியப்பன் படித்துப் பார்த்தார். தேதி இருந்தது. நேரம் இருந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கடைசி வரி விட்டுப்போச்சுங்க சார். இனி இப்படி நடக்காது."

"விட்டுப்போகல" என்றேன்.